வண்டியை நிறுத்திவிட்டுப் படி

என் மகனுக்கு, அத்தா தன் கைப்பட எழுதுவது. இதை நம் பக்கத்து வீட்டு சாதிக் உன்னிடம் தருவான். நீ வண்டியில் உட்கார்ந்திருந்தால் தரக்கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். நீ இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கையில் கொடுக்கவேண்டும். அவன் சிரித்தான். "சரி பெரியத்தா, முதல்ல சோத்தப் போட்டு, கையைக் கழுவவச்சு, அப்புறமா தர்றேன்" என்றான். சிரிக்கட்டும். சொன்னபடி செய்தால் போதும்.

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கை சுகமா என்பதுதான் தெரியவேண்டும். நேற்று வீடியோவில் கேட்டதற்கு, "அது அப்பவே ஆறிடுச்சு அத்தா" என்று இடது கையை ஆட்டிக் காட்டினாய். அடிபட்டது வலது கை. தம்பி, எனக்கு எழுத்துதான் புதிது. கண் பழையது. சாதிக் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டுத் திருச்சிக்குப் போய் நீ இருக்கிற ஊருக்கு விமானம் ஏறுகிறான். உன் அம்மா அவனிடம் கொடுத்துவிட தம்ரூட் இனிப்பும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிவைத்து, தராசில் தொங்கவிடுவதும் எடுப்பதுமாக இருக்கிறாள். "இன்னும் கால் கிலோ கூடுனாலும் ஏர்போர்ட்ல ஊறுகாயத் தூக்கிப் போட்ருவாங்க பெரியம்மா" என்று சாதிக் கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க எவ்ளோ வேணா எழுதுங்க பெரியத்தா, தாளுக்கு வெயிட் இல்ல" என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு ஒரு வரி எழுத ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகிறது. வெள்ளிக்கிழமை எனக்காக நிற்காது. எழுதும்போதே கால் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது, பெடல் மிதிப்பதுபோல.

எனக்கு ஓதத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாமல் இருந்தது என்பது உனக்குத் தெரிந்ததுதான். சின்ன வயதில் மதரசாவில் அரபி எழுத்தைக் கூட்டி ஓதக் கற்றேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகுமுன் பேக்கரி அடுப்படிக்குப் போய்விட்டேன். அதனால் முதியோர் வகுப்பில் சேர்ந்த புதிதில் என் கண் பலகையை வலது ஓரத்திலிருந்துதான் மேயும். டீச்சர் குச்சியால் இடதுபக்கம் தட்டிக்கொண்டே இருப்பார். வகுப்பில் நான் ஒருவன்தான் ஆம்பளை. மற்றவர்கள் எல்லாம் நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள். பக்கத்தில் உட்காரும் மாரியம்மாள் என் சிலேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், குடிச்சவன் நட்ட நாத்து மாதிரி இருக்கு, ஒண்ணு இந்தப் பக்கம் சாயுது, ஒண்ணு அந்தப் பக்கம் சாயுது" என்றாள். "சாஞ்ச நாத்துலயும் நெல்லு விளையும்மா, உன் சிலேட்டப் பாரு, நாத்தே இல்ல, வெறும் சேறு" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை தம்பி. இந்த வயதில் ஒருவன் தினமும் ஒரு புது எழுத்தோடு வீடு திரும்புகிறான் என்றால், அது சம்பளத்தோடு திரும்புவதைவிட மேல்.

நான் ஏன் படிக்கப் போனேன் என்று நீ கேட்டபோது, சும்மா பொழுது போகவில்லை என்று சொல்லிவைத்தேன். உண்மை வேறு. கரந்தையில் டீக்கடை வைத்திருக்கும் நடராஜனை உனக்குத் தெரியும். சைக்கிளில் கடை கடையாக நான் கொண்டுபோகிற தகரப் பெட்டியிலிருந்து முதல் பன்னும் முதல் ரஸ்க்கும் இறங்குவது அவர் கடையில்தான். ஒருநாள் காலை கடை பூட்டிக் கிடந்தது. முக்கில் பெரிய பிளெக்ஸ் பேனர். அதில் அவர் படம், கைகூப்பியபடி. சுற்றிலும் பூ. நேற்றுகூட என்னோடு சர்க்கரை விலையைப் பற்றிச் சண்டை போட்ட மனிதர். கீழவாசலுக்குத் திரும்பி ஓட்டி, ஒரு ரோஜா மாலை வாங்கி ஹாண்டில் பாரில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதவைத் தட்டினேன். திறந்தது நடராஜன். புது வேட்டி, கையில் கேசரித் தட்டு.

"வாங்க பாய்! அறுபது முடிஞ்சது எனக்கு. உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பேனரப் பாத்தேன்" என்றேன். அது பொய்யில்லை. மாலையை மறைக்க இடமில்லை, அதனால் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டேன். மனிதர் அழுதுவிட்டார். "என் கூடப் பொறந்தவன் வெறுங்கையோட வந்து திங்கிறான் பாய், நீங்க மாலையோட வந்திருக்கீங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டார். நான் கேசரியைத் தின்றுவிட்டு வந்தேன். பிறந்தநாளுக்கும் சாவுக்கும் இந்த ஊரில் ஒரே மாதிரிதான் படம் போடுகிறார்கள். வித்தியாசம் எழுத்தில் இருக்கிறது. உன் அம்மாவிடம் சொன்னேன். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உசுரோட இருக்கவங்களுக்கு மையத்து மாலை போடாம இருக்கவாச்சும் நாலெழுத்து படிங்க" என்றாள். மறுநாள் வகுப்பில் சேர்ந்தேன். நடராஜன் இன்றைக்கும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். நீயும் அவரிடம் சொல்லிவிடாதே.

படிக்க வந்தபிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். முன்பு இந்தத் தஞ்சாவூர் ரோடு எனக்கு வெறும் ரோடு. பழைய பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரன் குறுக்கே விழுவான். பெரிய கோயிலுக்கு வழி தெரியாத வெளியூர் வேன் நடுரோட்டில் நின்று யோசிக்கும். தை மாதமானால் அறுப்பு மெஷினை ஏற்றிக்கொண்டு லாரி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். ஊர்ப்பக்கம் போனால் மீதிப் பாதியில் நெல் காயும். எல்லோருக்கும் அவசரம், எல்லோருக்கும் கோபம், அந்தக் கோபம் கடைசியில் வந்து இறங்குவது சைக்கிள்காரன் முதுகில்தான். நான் ஓரமாக என் பன்னும் வர்க்கியுமாகப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது ரோடே பேச ஆரம்பித்துவிட்டது. சுவர் பேசுகிறது, பஸ் முதுகு பேசுகிறது, மரத்தில் ஆணியடித்த தகரம் பேசுகிறது. மூலத்துக்கு மருந்து, முப்பது நாளில் இங்கிலீஷ், வீட்டு மனை விற்பனைக்கு, நாய் ஜாக்கிரதை. ஒன்றையும் விட மனசு வரவில்லை. பாதி படிப்பதற்குள் போர்டு போய்விட்டால் திரும்பிப் பார்க்கிறேன். பின்னால் ஹாரன் அடிப்பது காதில் விழுவதில்லை.

ஒருநாள் புதுஆற்றுப் பாலத்தில் இறங்கும்போது ஒரு டியூஷன் போர்டைப் படித்துக்கொண்டே வந்தேன். எதிரே ஸ்கூட்டியில் ஒரு பையன், மடியில் போனை வைத்துக் குனிந்து படித்துக்கொண்டே வந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மோதினோம். பலமாக இல்லை, ஆனால் தகரப் பெட்டி திறந்து பன் எல்லாம் உருண்டு ஓடியது.

"பாத்து வரமாட்டியா பெருசு?" என்றான் அவன்.

"நீ பாத்தியா தம்பி?"

"மெசேஜ் வந்துச்சு."

"எனக்குப் போர்டு வந்துச்சு" என்றேன்.

பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏன்யா, ரெண்டு பேரும் நடுரோட்டுல படிச்சு கலெக்டர் ஆவப் போறீங்களா? வழிய விடுங்கய்யா!" என்று கத்தினார். ஆட்டோவுக்குள் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று அந்தச் சிரிப்போடு அதை விட்டுவிட்டேன். பன்னைப் பொறுக்கி, நாய்களுக்குப் போட்டுவிட்டு, நடராஜன் கடை பெஞ்சில் உட்கார்ந்து, இந்தக் கதையையும் உனக்கு மெசேஜாகத் தட்டி அனுப்பினேன். நீ வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிற பொம்மை அனுப்பினாய்.

அந்த மெசேஜ் விஷயத்துக்குத்தான் வருகிறேன். இவ்வளவு நாள் நான் வாய்ஸ்தான் அனுப்பினேன். நீ வண்டி ஓட்டிக்கொண்டே காதில் மாட்டிக் கேட்பாய். கேட்டு, மறந்து, "ம்" என்பாய். எழுத வந்ததும், முதல் மெசேஜாக "தம்பி சாப்பிட்டாயா" என்று தட்டினேன். தட்டி முடிப்பதற்குள் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கே சொல்லிவிட்டார்கள். நீ உடனே போன் பண்ணினாய். "அத்தா, நீங்களா அடிச்சீங்க? சத்தியமா நீங்களா?" உன் குரல் உடைந்திருந்தது. நான் எழுதியதை உன் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் காட்டியதாகச் சொன்னாய். அதற்கப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. பார்த்ததை எல்லாம் எழுதினேன். அனுப்பிவிட்டு இரண்டு கோடும் நீலமாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மாறாவிட்டால் மனசு தரிக்காது, மாறிவிட்டால் பதில் வரவில்லையே என்று தரிக்காது. தொழுகையில் நிற்கும்போது சட்டைப் பையில் டிங் என்றால் என் நெஞ்சு அங்கேதான் ஓடும். அல்லாஹ் மன்னிக்கட்டும். இவ்வளவு வயதாகியும் ஒரு சின்ன வெளிச்சக் கண்ணாடி என்னைப் பிடித்து உலுக்குகிறதென்றால், அதை வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுகிற உன்னை என்ன பாடு படுத்தும் என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. நீலக் கோடு மட்டும்தான் பார்த்தேன். அந்தக் கோடு நீலமாகும்போது நீ எந்த ரோட்டில் இருந்தாய் என்று பார்க்கவில்லை.

அப்புறம் அந்தச் சுவர் வந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நான் ஒன்றுக்கு ஒதுங்குகிற சுவர். அன்று பாதியில் நிமிர்ந்து பார்த்தால், என் தலைக்கு நேரே கொட்டை எழுத்தில் "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதியிருக்கிறது. பெயிண்ட் மங்கியிருந்தது. எவ்வளவு காலமாக அது என்னைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்ததோ! எனக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. அங்கேயே நின்று உனக்கு எழுதி அனுப்பினேன். உடனே நீலக் கோடு. பதில் வரவில்லை. சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய், கையில் கட்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்: "சிக்னல்ல மெதுவா நகர்ந்துக்கிட்டே படிச்சேன் அத்தா. சிரிப்பு தாங்கல. முன்னாடி நின்ன வண்டிய கவனிக்கல. உங்க மெசேஜாலதான் விழுந்தேன், போங்க." நீ அதை வேடிக்கையாகச் சொன்னாய். எனக்கு வேடிக்கையாகக் கேட்கவில்லை. உனக்குப் பின்னால் என்ன வண்டி வந்துகொண்டிருந்தது என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வைத்ததும் உன் அம்மா சமையற்கட்டிலிருந்தே சொன்னாள்: "இவங்க எழுதப் படிக்கத் தெரியாம இருந்த வரைக்கும் எம்புள்ள நல்லா இருந்தான்."

நடராஜனுக்குப் போட்ட மாலை நினைவுக்கு வந்தது. உன் முகத்தை ஒரு பிளெக்ஸில் நினைத்துப் பார்த்தேன். கீழே இருக்கிற எழுத்தை இப்போது என்னால் படிக்கமுடியும் தம்பி. அதை நினைத்ததும் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டேன்.

மறுநாளிலிருந்து மெசேஜை நிறுத்தினேன். வாய்ஸும் அனுப்பவில்லை. பழக்கம் விடுமா? கட்டைவிரல் தானாகப் பைக்குப் போகிறது. அதனால் போனைத் தகரப் பெட்டிக்குள் ரஸ்க்குக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். நீ அனுப்பியது அங்கே டிங் டிங் என்று கேட்டது. "என்ன பாய், இன்னிக்கு ரஸ்க்கு பேசுது?" என்று நடராஜன் கேட்டார். "பசிக்குதாம்" என்றேன். திறந்து பார்த்தால், "அத்தா ஏன் எழுதல", "அத்தா கோவமா", "அத்தா ஒரு போர்டாவது". அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் உடைந்தேன். அதையும் நீ ரோட்டில் இருந்துதானே தட்டியிருப்பாய் என்று பெட்டியை மறுபடி பூட்டினேன். உன் அம்மாவைக் கேட்டால், பழையபடி வாய்ஸே அனுப்புங்க என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேச்சு காதைக் கேட்கும், எழுத்து கண்ணைக் கேட்கும். ஓட்டுகிறவன் காதைக் கொடுக்கலாம், கண்ணைக் கொடுக்கமுடியாது. ஆனால் எழுத்து எனக்குக் கிடைத்ததே இப்போதுதான். கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிடு என்றால் எப்படி? இரண்டு நாள் இதே யோசனையில், வகுப்பில் சிலேட்டை வெறுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாரியம்மாள்தான் வழி சொன்னாள், வழி சொல்கிறோம் என்று தெரியாமலே. "நானெல்லாம் எம்பொண்ணு வயல்ல நிக்கிறப்ப கூப்பிடமாட்டேன் பாய். வரப்பு ஏறட்டும்னு இருப்பேன். கூப்பிட்டா திரும்பிப் பாப்பா, அருவா கையில இருக்கும்."

போனைப் பார்க்காமல் உன் வேலை இல்லை என்று நீ சொல்வாய். சாதிக்கும் அதைத்தான் சொன்னான். எந்தக் கடையில் பொட்டலம் எடுப்பது, எந்த வீட்டில் கொடுப்பது, எந்தத் திருப்பம் எல்லாம் அதில்தான் வருமாம். தாமதமானால் வாங்குகிறவன் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவானாம். சரி, அது உன் சோறு, அதை நான் தடுக்கமுடியாது. ஆனால் உன் கண்ணை வாங்குவதற்கு அங்கே ஏற்கெனவே ஊர்ப்பட்ட பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் உன்னைப் பெற்றவனும் போய் நிற்கக்கூடாது. நான் விலகிக்கொள்கிறேன். நீ மதியம் சாப்பிட அறைக்கு வந்ததும் "வரப்பு ஏறிட்டேன்" என்று ஒரு வரி போடு. அதற்குப் பிறகுதான் என்னிடமிருந்து வரும், எத்தனை போர்டு வேண்டுமானாலும். அந்த வரி வராத நாளில் ஒன்றும் வராது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் நீ வரப்பு ஏறவேண்டும். ரோட்டில் இருக்கும்போது போன் அடித்தால் அது நான் இல்லை என்று தைரியமாக இரு. வேறு யாரோ. வேறு யாரும் காத்திருக்கலாம்.

சைக்கிளை விட்டுவிடுங்கள் என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். அதை விடமாட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் இந்தக் கால் என்னை உதைக்கும். ஆனால் நானும் ஒன்று செய்கிறேன். போர்டு படிக்கவேண்டும் என்றால் இறங்கிவிடுகிறேன். சைக்கிளை ஓரமாக நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் வைத்து, நின்று படிக்கிறேன். மேம்பாலத்தின் மேல் ஒரு போர்டு இருக்கிறது, அங்கே நிற்க இடமில்லை, அதனால் அதை இன்னும் படிக்கவில்லை. தினமும் அது கண்ணின் ஓரத்தில் வந்து என்னைப் பிராண்டுகிறது. ரோட்டைப் பார்த்து ஓட்டிவிடுகிறேன். மற்றதை எல்லாம் இறங்கி இறங்கிப் படிப்பதால் பன் தாமதமாகிறது. "பாய், பன்னு வருமா, நூலகத்துலேர்ந்து ஆளனுப்பணுமா?" என்று கேட்கிறார் நடராஜன். கேட்கட்டும். என் நட்சத்திரத்தைக் குறைக்கட்டும்.

தாள் தீர்கிறது. இன்று வியாழன், சாதிக் பெட்டியைக் கட்டிவிட்டான், இதற்காக மட்டும் ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறான். உன் அம்மா எட்டிப் பார்த்து, "சுகமா இருன்னு ரெண்டு வரி எழுதுனா போதாதா, இப்படிக் கதை அளக்குறீங்க, அவன் வேலைக்குப் போறவன், இதப் படிச்சு முடிக்கவே பொழுது போயிடும்" என்கிறாள். அவளுக்குப் புரியவில்லை. இரண்டு வரி எழுதினால் நீ சிக்னலில் படித்துவிடுவாய். என் கோணல் எழுத்தில் இதைப் படிக்க உனக்கு அரை மணியாவது ஆகும். அந்த அரை மணி நீ ரோட்டில் இருக்கமாட்டாய். அதற்காகத்தான் தம்பி இவ்வளவு நீளம்.

முடித்துவிட்டாயானால் உடனே எழுந்துவிடாதே. முதலிலிருந்து ஒருதடவை படி.

உன் அத்தா